ஐந்து மருந்துக்கும் அடங்காத ரத்த அழுத்தம்: ரத்தத்தில் மருந்தைத் தேடிய ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி

58 வயது ஆண், கனரக வாகன ஓட்டுநர். ரத்த அழுத்தம் இருப்பது தெரிந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. சர்க்கரை நோய் இல்லை, புகைப்பதில்லை. எடை 84 கிலோ, மேற்கையின் சுற்றளவு 34 செ.மீ. (இவர் தனி ஒருவர் அல்ல. இத்தகைய நோயாளிகளிடம் வழக்கமாகப் பார்க்கும் கூறுகளைப் பயிற்சிக்காக ஒன்று சேர்த்து அமைத்த வகைமாதிரி. கீழே வரும் அவருடைய எண்களும் அப்படியே.)

மருந்துச் சீட்டில் இருந்தவை: டெல்மிசார்ட்டன் 80 மி.கி., அம்லோடிபின் 10 மி.கி., குளோர்தாலிடோன் (நீர் மாத்திரை) 25 மி.கி., மெட்டோபுரோலால் சக்சினேட் 50 மி.கி. இவற்றோடு நான்கு மாதங்களுக்கு முன் சேர்த்த ஸ்பைரோனோலாக்டோன் 25 மி.கி. எல்லாமே காலையில் ஒருவேளை. அதற்குப் பிறகும் மருத்துவமனையில் பிபி 168/96. 24 மணி நேர மானிட்டரில் சராசரி 154/91. வீட்டு அளவீட்டில் ஏழு நாள் சராசரி 156/94. சிறுநீரக நரம்புத் துண்டிப்புச் சிகிச்சைக்கு (பிபியைக் குறைக்கச் சிறுநீரகத்துக்குப் போகும் நரம்புகளைச் செயலிழக்கச் செய்வது) அனுப்பலாமா என்ற கேள்வியோடு வந்தார்.

சிறுநீர் பெருக்கி உட்பட, வெவ்வேறு வகையைச் சேர்ந்த மூன்று மருந்துகளைத் தாங்கக்கூடிய முழு அளவில் கொடுத்தும் பிபி இலக்குக்கு வராவிட்டால் மருந்துக்கு அடங்காத உயர் ரத்த அழுத்தம் என்கிறோம். சீட்டை மட்டும் பார்த்தால் இவர் அந்த வரையறையைத் தாண்டிப் போய்விட்டவர். ஆனால் வரையறையில் 'கொடுத்தும்' என்று இருப்பதை 'உட்கொண்டும்' என்று படித்தால்தான் அது உண்மையான அடங்காமை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை அளப்பதுதான் மருந்து அளவுப் பரிசோதனை.

கண்ணில் பட்டும் கடந்துபோன குறிப்புகள்

முதலில் அளவீட்டுப் பிழைகளைக் கழித்தாயிற்று. 34 செ.மீ. கைக்குப் பெரிய கஃப் (பிபி பார்க்கக் கையில் சுற்றும் பட்டை) வேண்டும். முன்பு சாதாரண கஃப்பில் எடுத்த அளவுகள் கொஞ்சம் கூடுதலாகவே காட்டியிருக்கும். பெரிய கஃப்பிலும், மருத்துவமனைக்கு வெளியிலும் பிபி உயர்ந்தே இருந்தது. எனவே வெள்ளை அங்கி விளைவு (மருத்துவரைக் கண்டதும் பிபி ஏறுவது) மட்டும் காரணமில்லை. வலிநிவாரணிகள், மூக்கடைப்பு மாத்திரைகள், ஸ்டீராய்டு எதுவும் இல்லை. குறட்டை உண்டு, பகல் தூக்கம் இல்லை. தூக்க மூச்சுத்தடைப் பரிசோதனை வரிசையில் இருந்தது.

பழைய ரத்தப் பரிசோதனைகளில்தான் விஷயம் ஒளிந்திருந்தது. பொட்டாசியம் லிட்டருக்கு 4.4 மில்லிமோல். குளோர்தாலிடோன் பொட்டாசியத்தை இறக்கும், ஸ்பைரோனோலாக்டோன் ஏற்றும், இரண்டும் சேர்ந்து சமமாகிவிட்டது என்று எண்ணி யாரும் அதை நோண்டவில்லை. ஆனால் யூரிக் அமிலம் 5.1 மி.கி.; குளோர்தாலிடோன் தொடங்குவதற்கு முன்பும் அதே 5.1. நீர் மாத்திரையை 25 மி.கி. அளவில் மாதக்கணக்கில் போடுகிறவருக்கு யூரிக் அமிலம் கொஞ்சமாவது ஏறியிருக்க வேண்டும். இரண்டு மருந்து ஒன்றையொன்று ஈடுகட்டினாலும் பொட்டாசியம் 4.4 வரும், இரண்டுமே உடம்பில் இல்லாவிட்டாலும் 4.4 வரும். யூரிக் அமிலத்துக்கு அந்தச் சாக்கு கிடையாது.

நாடித்துடிப்பு 62. மெட்டோபுரோலால் உள்ளே போகிறது என்பதோடு அது ஒத்துப்போகிறது. 'மாத்திரையே போடாத ஆள்' என்ற முத்திரை இவருக்குப் பொருந்தாது. சந்தேகப்பட வேண்டியது ஆளை அல்ல, குறிப்பிட்ட மாத்திரைகளை.

நேரடியாகக் கேட்டால் என்ன? கேட்டார்கள். "ஒருநாள்கூட விடுறதில்ல டாக்டர்" என்பதே பதில். காலி அட்டைகளை எண்ணுவதும், மருந்துக்கடையில் வாங்கிய தேதிகளைப் பார்ப்பதும் வாங்கியதைச் சொல்லும், விழுங்கியதைச் சொல்லாது. மருத்துவரின் உள்ளுணர்வும் இதில் நம்பத் தகுந்ததல்ல.

இது அரிதான நிலைமையா என்றால், இல்லை. 2013இல் ஜெர்மனியில் வெளியான ஆய்வில், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகளிலும் அடங்காத 76 பேரின் சிறுநீரைச் சோதித்தபோது 53 சதவீதத்தினர் எழுதிக்கொடுத்தபடி எடுக்கவில்லை. அவர்களிலும் பெரும்பாலோர் சிலவற்றை எடுத்துச் சிலவற்றை விட்டவர்கள். 2017இல் பிரிட்டன், செக் நாடுகளின் 1,348 நோயாளிகளை வைத்து வந்த ஆய்வில் எழுதிக்கொடுத்தபடி எடுக்காதவர்கள் முறையே 41.6, 31.5 சதவீதம். சீட்டில் மருந்துகளின் எண்ணிக்கை கூடக் கூட விடுபடுதலும் கூடியது. இரு நாட்டிலும் அதிகம் விடுபட்டது நீர் மாத்திரை வகை.

மாதிரி எடுத்த விதம்

பரிசோதனை எதற்கு என்று சொல்லி ஒப்புதல் வாங்கியே ரத்தம் எடுக்கப்பட்டது. சொல்லாமல் எடுத்துவிட்டு முடிவை மேசையில் போடுவது ஒருமுறைதான் வேலை செய்யும். அதற்குப் பிறகு அந்த நோயாளி எந்த உண்மையையும் சொல்லமாட்டார். அதே சமயம் ஒரு வாரம் முன்பே தேதி சொல்லிவிட்டால் அந்த வாரம் முழுதும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு வருவார். ஆகவே வழக்கமான வருகையன்று விளக்கி, அங்கேயே எடுப்பதுதான் நடைமுறை.

சிறுநீரா, சீரமா (உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் தெளிநீர்)? சிறுநீர் எடுப்பது எளிது, பல மருந்துகள் அதில் கூடுதல் நாள் தங்கும். ஆனால் டெல்மிசார்ட்டன் கிட்டத்தட்ட முழுவதும் பித்தம் வழியாக மலத்தில் போகும். சிறுநீரில் அது தெரியவில்லை என்பதை வைத்து ஒருவரைக் குற்றம் சொல்ல முடியாது. சீட்டில் டெல்மிசார்ட்டன் இருந்ததால் சீரம் தேர்வானது.

ஜெல் இல்லாத குழாயில் 5 மி.லி. ரத்தம். ஜெல் சில மருந்துகளை உறிஞ்சிக்கொள்ளக்கூடும் என்பதால் அந்தக் குழாய் வேண்டாம். உறைந்த பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் சுழற்றி, சீரத்தைப் பிரித்து மைனஸ் 20 டிகிரியில் வைப்பது. சிவப்பணு சிதைந்த மாதிரியை ஏற்கக் கூடாது: குளோர்தாலிடோன் சிவப்பணுக்களுக்குள் இருக்கும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதியோடு இறுகப் பிணைந்து கிடக்கும், முழு ரத்தத்தில் அதன் அளவு பிளாஸ்மாவைவிடப் பல மடங்கு. அணுக்கள் உடைந்தால் சீரத்தின் அளவு பொய்யாக ஏறும்.

படிவத்தில் மூன்று விஷயம் கட்டாயம்: மருந்துகளின் முழுப் பட்டியல், கடைசியாக ஒவ்வொன்றையும் போட்ட நாளும் நேரமும், ரத்தம் எடுத்த நேரம். நம் நோயாளி காலை 7 மணிக்கு ஐந்தையும் போட்டதாகச் சொன்னார். ரத்தம் எடுத்தது 9.40.

ஆய்வகத்தில்

கருவி, திரவ நிறப்பிரிகையோடு இணைந்த இரட்டை நிறைமாலைமானி: கலந்திருக்கும் பொருள்களைத் தூணில் பிரித்து, நிறையை வைத்து அடையாளம் காண்பது. 100 மைக்ரோலிட்டர் சீரத்தில், உள்தரமாக (ஒப்பிட்டு அளக்க) டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜன் ஏற்றிய மருந்துகள் கலந்த அசிட்டோநைட்ரைல் 300 மைக்ரோலிட்டர் சேர்த்து, ஒரு நிமிடம் சுழல்கலக்கியில் கலக்கி, பத்து நிமிடம் வேகமாகச் சுழற்றினால் புரதம் அடியில் படிந்துவிடும். மேலே நிற்கும் தெளிநீரை நீர்த்து சி18 தூணில் செலுத்துகிறார்கள். கேட்க எளிமைதான். கோளாறு வரும் இடங்கள் வேறு.

அம்லோடிபின், டெல்மிசார்ட்டன், மெட்டோபுரோலால் எல்லாம் நேர் மின்னயனி முறையில் (மூலக்கூறுக்கு நேர் மின்னூட்டம் ஏற்றிப் பார்ப்பது) நன்றாகத் தெரியும். குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதயசைடு போன்றவை எதிர் முறையில்தான் தெளிவாகத் தெரியும். நேர் முறையை மட்டும் ஓட்டிவிட்டு நீர் மாத்திரை இல்லை என்று அறிக்கை கொடுத்தால், அது நோயாளியின் தவறல்ல.

ஸ்பைரோனோலாக்டோன் இன்னும் வில்லங்கமானது. அதன் அரை ஆயுள் (ரத்தத்தில் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம்) ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. கல்லீரல் அதைக் கேன்ரினோன் முதலான வளர்சிதைப் பொருள்களாக மாற்றிவிடும். கேன்ரினோனின் அரை ஆயுள் சுமார் 16 மணி நேரம் என்பதால் தேட வேண்டியது அதைத்தான். ஆனால் ஸ்பைரோனோலாக்டோன் மூலக்கூறு கருவியின் மின்னயனி மூலத்திலேயே கந்தகப் பக்கச் சங்கிலியை இழந்து, நிறை 341 உள்ள அயனியாகிவிடும். கேன்ரினோனின் அயனியும் அதே 341. நிறையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். தூணில் வெவ்வேறு நிமிடத்தில் வெளிவருமாறு பிரித்தால்தான் எது எது என்று சொல்ல முடியும். அன்று காலை மட்டும் போட்டவரையும் தினமும் போடுகிறவரையும் இந்தப் பிரிப்புத்தான் வேறுபடுத்த உதவும்.

முன்மருந்துகளுக்கும் (உடம்புக்குள் போன பிறகே செயல்வடிவம் பெறுபவை) இதே கதை. ராமிப்ரில், எனாலப்ரில், ஓல்மெசார்ட்டன் மெடாக்சமில் ஆகியவற்றை அவற்றின் செயல்வடிவமான ராமிப்ரிலாட், எனாலப்ரிலாட், ஓல்மெசார்ட்டன் என்றே தேட வேண்டும்.

முடிவு

அம்லோடிபின்: உண்டு, மி.லி.க்கு 13 நானோகிராம்.
டெல்மிசார்ட்டன்: உண்டு.
மெட்டோபுரோலால்: உண்டு.
குளோர்தாலிடோன்: இல்லை.
ஸ்பைரோனோலாக்டோன்: இல்லை. கேன்ரினோன்: இல்லை.

இதைப் படிப்பது எப்படி

'உண்டு', 'இல்லை' இரண்டையும் அந்தந்த மருந்தின் கடிகாரத்தோடு வைத்துத்தான் படிக்க வேண்டும்.

அம்லோடிபினின் அரை ஆயுள் 30 முதல் 50 மணி நேரம். 10 மி.கி. மாத்திரை ஒன்றே ஒன்றைப் போட்டால் உச்ச அளவே 6 நானோகிராம் பக்கம்தான் வரும். அதுவும் 6 முதல் 12 மணி நேரம் கழித்து. இவருக்கு இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் 13 இருக்கிறது என்றால் அது அன்று காலை மாத்திரையின் வேலை அல்ல. ஒரு வாரமாவது விடாமல் போட்டு உடம்பில் சேர்ந்த அளவு. பரிசோதனை நாளுக்காக மட்டும் போடும் வழக்கம் இவரிடம் இல்லை என்பதை இந்த ஒரு எண்ணே சொல்லிவிடும்.

குளோர்தாலிடோனின் அரை ஆயுள் 40 முதல் 60 மணி நேரம். ஐந்து அரை ஆயுள் கழிந்தால் மிச்சம் மூன்று சதவீதம். ஐம்பது மணி என்று வைத்தாலும் பத்து நாளுக்கு மேல். அது சுத்தமாகத் தெரியவில்லை என்றால் 'நேற்று மறந்துட்டேன்' ரகம் அல்ல, குறைந்தது ஒன்றரை வாரமாகவே இல்லை. காலையில் ஐந்தையும் போட்டதாகச் சொன்னதும் அதோடு ஒத்துவரவில்லை. ஸ்பைரோனோலாக்டோன் போட்டு இரண்டே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தால் மூல மருந்தும் கேன்ரினோனும் இரண்டுமே தெரிய வேண்டும்.

டெல்மிசார்ட்டன், மெட்டோபுரோலால் பற்றி அவ்வளவு உறுதியாகப் பேச முடியாது. மெட்டோபுரோலாலின் அளவு, அதைச் சிதைக்கும் சிஒய்பி2டி6 நொதியின் பரம்பரை வகையைப் பொறுத்து ஆளுக்கு ஆள் பல மடங்கு மாறும். 'அளவு குறைவு' என்று பார்த்து மாத்திரையைக் கூட்டுவது தவறான பயன்பாடு. இந்த மருந்துகளில் ரத்த அளவுக்கும் பிபி இறங்கும் அளவுக்கும் நேரான கணக்கு கிடையாது.

'இல்லை' என்று வந்ததும் நோயாளியிடம் போவதற்கு முன் ஆய்வகத்தோடு பேசிச் சரிபார்க்க வேண்டியவை உண்டு. மாதிரி மாறிவிட்டதா, எதிர் மின்னயனி முறையில் ஓட்டினார்களா, தரக்கட்டுப்பாட்டு மாதிரியில் அந்த மருந்து சரியாகத் தெரிந்ததா? கடையில் மாற்றிக் கொடுத்த கலவை மாத்திரையில் குளோர்தாலிடோனுக்குப் பதில் ஹைட்ரோகுளோரோதயசைடு இருந்ததா? கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றும், ஆனால் நடக்கும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்குக் கார்பமாசெபின் அல்லது ஃபெனிடோயின் போடுகிறவர்களுக்கு அம்லோடிபின் போன்றவை ஒழுங்காகப் போட்டாலும் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். இந்த நிகழ்வில் இவை எதுவும் இல்லை.

ஒரு உபரி லாபமும் கிடைத்தது. ஆல்டோஸ்டிரோன்–ரெனின் விகிதம் (அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோன் மிகையால் பிபி ஏறுகிறதா என்று காட்டுவது) பார்க்க ஸ்பைரோனோலாக்டோனை நான்கு வாரம் நிறுத்தி வைக்க வேண்டும். பிபி 168 உள்ளவருக்கு அதைச் செய்யத் தயங்கி அந்தப் பரிசோதனை தள்ளிக்கொண்டே போயிருந்தது. கேன்ரினோனும் குளோர்தாலிடோனும் இல்லை என்று தெரிந்த பிறகு, எப்போது நிறுத்தினார் என்பதை மட்டும் அவரிடம் உறுதிசெய்துகொண்டால் போதும். விகிதம் உயரவில்லை. மெட்டோபுரோலால் ரெனினை இறக்கி விகிதத்தைக் கூட்டிக் காட்டும், டெல்மிசார்ட்டன் ரெனினை ஏற்றிக் குறைத்துக் காட்டும் என்பதால் இதை முடிந்த முடிவாக எடுக்கவில்லை. பிபி மீண்டும் ஏறினால் திரும்பப் பார்ப்பதென்று குறித்து வைத்தார்கள்.

பேச்சு

அறிக்கையை நீட்டிவிட்டு "ஏன் போடல?" என்று கேட்டால் நோயாளி தற்காப்பில் இறங்குவார். இங்கே கேட்ட விதம்: "சார், மூணு மாத்திரை நல்லா சேருது. ரெண்டு மட்டும் ரத்தத்துல தெரியல. அது ரெண்டும் பல பேருக்கு ஒத்துக்கிறதில்ல. உங்களுக்கு என்ன பண்ணுச்சு?"

கொஞ்ச நேரம் கழித்து வந்த பதில்: "வண்டில உக்காந்தா எங்க நிறுத்தறது டாக்டர்? அதான் அந்த நீர் மாத்திரைய விட்டேன். புதுசா குடுத்தது போட்டதும் மார்பு ரெண்டு பக்கமும் வீங்கி வலிக்க ஆரம்பிச்சுது. சட்டை உரசினாக்கூட வலி. அதை எப்படிங்க வெளிய சொல்றது?" நீர் மாத்திரையை விட்டு ஆறு மாதத்துக்கு மேல் ஆகிறது, மற்றதை இரண்டு மாதத்திலேயே நிறுத்தியிருந்தார்.

ஆண்களுக்கு மார்பு வீங்கி வலிப்பது ஸ்பைரோனோலாக்டோனின் பேர்போன பக்கவிளைவு. எழுதும்போதே சொல்லியிருந்தால் இரண்டாவது வாரமே தொலைபேசியில் அழைத்திருப்பார்.

மாற்றியமைத்த சிகிச்சை

எல்லாவற்றையும் ஒரே நாளில் முழு அளவில் திரும்பத் தொடங்குவது ஆபத்து. சீட்டில் ஐந்து மருந்து இருந்தாலும் உடம்புக்குப் பழக்கம் மூன்றுதான். செவிலியர் கண்முன்னே எல்லா மாத்திரைகளையும் விழுங்க வைத்துப் பிபி பார்க்கும் முறை ஒன்று உண்டு. அதைச் செய்வதானால் படுக்கை, நரம்பில் ஊசிக்குழாய், அரை மணிக்கு ஒருமுறை அளவீடு, குறைந்தது ஆறு மணி நேரக் கண்காணிப்பு என்று ஏற்பாடு வேண்டும்; எதையுமே போடாமல் இருந்தவருக்கு அழுத்தம் சட்டென்று சரிந்து மயக்கம் வரலாம். இங்கே அளவுப் பரிசோதனையே கேள்விக்கு விடை சொல்லிவிட்டதால் அது தேவைப்படவில்லை.

முதல் படி: டெல்மிசார்ட்டன் 80, அம்லோடிபின் 10, குளோர்தாலிடோன் 12.5 மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. அதை வண்டியை நிறுத்திவிட்டு வீடு திரும்பும் நேரத்துக்கு, மாலை 4 மணிக்கு மாற்றினார்கள். குளோர்தாலிடோனின் பிபி குறைக்கும் வேலை நாள் முழுதும் நிற்பதால் நேரம் மாறினால் நஷ்டமில்லை. சிறுநீர் அவசரம் முதல் சில வாரங்களில்தான் அதிகம் என்பதும் விளக்கப்பட்டது. கலவை மாத்திரையில் நீர் மாத்திரையை மட்டும் பொறுக்கி எறிய முடியாது என்ற வசதியும் இதில் அடக்கம். இரண்டாம் வாரம் சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின்.

இரண்டாம் படி, நான்கு வாரம் கழித்து: ஸ்பைரோனோலாக்டோன் வகையையே சேர்ந்த எப்லெரினோன் 25 மி.கி. காலையில், பிறகு 50. மார்பு வீங்கி வலிப்பது இதில் மிகக் குறைவு. 2015இல் வெளியான பாத்வே-2 சோதனையில் அடங்காத ரத்த அழுத்தத்துக்கு நான்காவது மருந்தாக ஸ்பைரோனோலாக்டோனே முதலிடம் பிடித்தது. அது ஒத்துவராதவருக்கு எப்லெரினோன் அல்லது அமிலோரைடு. பொட்டாசியத்தை ஒரு வாரத்திலும் நான்கு வாரத்திலும் பார்த்தார்கள். 5.5ஐத் தாண்டினால் குறைக்க வேண்டும், இவருக்கு 4.7இல் நின்றது.

மெட்டோபுரோலாலுக்கு இவரிடம் தனிக் காரணம் எதுவும் இல்லை: மாரடைப்பு இல்லை, இதயச் செயலிழப்பு இல்லை, படபடப்பும் இல்லை. பிபி இறங்கிய பிறகு இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தப்பட்டது. சட்டென்று நிறுத்தினால் நாடித்துடிப்பும் அழுத்தமும் எகிறும்.

நரம்புத் துண்டிப்புக்கான பரிந்துரை திரும்பப் பெறப்பட்டது. 2014இல் வெளியான சிம்ப்ளிசிட்டி எச்டிஎன்-3 சோதனையில் உண்மைச் சிகிச்சைக்கும் பாவனைச் சிகிச்சைக்கும் (நரம்பைத் தொடாமல் செய்வதுபோல் காட்டுவது) வித்தியாசம் தெரியாமல் போனதற்கு, சோதனைக் காலத்தில் நோயாளிகளின் மருந்துப் பழக்கம் மாறியதும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது. அதற்குப் பின் வந்த சோதனைகள் ரத்தத்திலும் சிறுநீரிலும் மருந்தைத் தேடிப் பார்க்கத் தொடங்கின.

தொடர் கண்காணிப்பு, அதில் ஒரு பொய் எச்சரிக்கை

நான்காம் வாரம் வீட்டு பிபி சராசரி 139/85. எப்லெரினோன் 50 மி.கி. தொடங்கி எட்டு வாரத்தில் 129/79. 24 மணி நேர மானிட்டரில் 127/77. யூரிக் அமிலம் 6.3.

மூன்றாம் மாதம் எடுத்த இரண்டாவது மருந்து அளவு அறிக்கையில் அம்லோடிபின், டெல்மிசார்ட்டன், குளோர்தாலிடோன் மூன்றும் உண்டு. எப்லெரினோன் இல்லை என்று வந்தது. பிபியும் பொட்டாசியமும் அதற்கு நேர்மாறாகப் பேசின. படிவத்தை எடுத்துப் பார்த்தால் 'கடைசி மாத்திரை நேரம்' என்ற கட்டம் காலி. விசாரித்ததில், அன்று கொழுப்புப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தார்கள். அவர் தண்ணீர்கூடக் குடிக்காமல், காலை மாத்திரையையும் தள்ளி வைத்துவிட்டு வந்திருக்கிறார். முந்தைய எப்லெரினோன் போட்டு 26 மணி நேரம் ஆகியிருந்தது. அதன் அரை ஆயுள் 4 முதல் 6 மணி நேரம்தான். கேன்ரினோன் போல நீண்ட நேரம் நிற்கும் வளர்சிதைப் பொருளும் அதற்கு இல்லை. அதனால் ஆய்வகத்தின் அறிக்கை வரம்புக்குக் கீழே போய்விட்டது. மறுவாரம் மாத்திரை போட்டு மூன்று மணி நேரத்தில் எடுத்த மாதிரியில் எப்லெரினோன் தெளிவாகத் தெரிந்தது.

அதன் பிறகு படிவத்தில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் ஆய்வகம் மாதிரியை ஓட்டுவதற்கு முன் தொலைபேசியில் கேட்டு நிரப்ப வேண்டும் என்று முறை மாற்றப்பட்டது. வெறும் வயிற்றில் வரச் சொல்லும் சீட்டில், பிபி மாத்திரையை வழக்கம்போல் ஒரு வாய்த் தண்ணீரோடு போடலாம் என்ற வரியும் சேர்ந்தது. அடுத்த மருந்து அளவுப் பரிசோதனைக்கு நாள் குறிக்கவில்லை. வீட்டு பிபி சராசரி இரண்டு வாரம் தொடர்ந்து 135/85ஐத் தாண்டினால் எடுப்பதென்று முடிவு.